தீவாந்தரம் போன முன்னோரைத் தேடுவது எப்படி? மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை, உசிலம்பட்டி, மேலூர், சிவகங்கை வட்டாரத்தில் பல குடும்பங்களின் வம்சக்கொடியில் ஒரு பெயர் பாதியில் நின்றிருக்கும். "அவரைத் தீவாந்தரம் அனுப்பிட்டாங்க, அதுக்கப்புறம் தாக்கல் இல்லை" என்பதோடு பெரியவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். தண்டனையாகக் கடல் கடந்த இடத்துக்கு நாடுகடத்துவதைத்தான் தீவாந்தரம் என்றார்கள். அந்தப் பெயருக்குரிய மீதிக் கதை பெரும்பாலும் எங்கோ ஒரு காகிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கம்பெனி அரசும் அதற்குப் பின் வந்த பிரிட்டிஷ் அரசும் ஒருவரைக் கடல் கடத்தும்போது அவர் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, வயது, உயரம், உடம்பிலுள்ள தழும்பு வரை குறித்துவைத்தன. 19ஆம் நூற்றாண்டின் சாதாரணக் குடியானவர் ஒருவரைப் பற்றி இத்தனை விவரம் கிடைப்பது அரிது.

தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆண்டு, பிறகு வழக்கு, அதன்பிறகு கடலுக்கு அப்பாலுள்ள ஆவணம். நேராக இணையத்தில் போய் அந்தமான் பட்டியலில் பெயர் தேடுவதுதான் பலரும் செய்வது. ‘கருப்பன்’ என்று தேடினால் வரிசையாகக் கருப்பன்கள் வருவார்கள். உங்கள் கருப்பன் யார் என்று சொல்ல வழியே இருக்காது. இன்னொன்றும் உண்டு. தீர்ப்பு நகல் கிடைத்ததும் தேடலை முடித்துவிடாதீர்கள். இருபத்தைந்து வயதில் தண்டனை பெற்றவர் அதன்பிறகு முப்பது, நாற்பது வருஷம் வாழ்ந்திருக்கலாம். அந்த வருஷங்களும் உங்கள் குடும்பத்துக்குச் சொந்தமானவை.

வீட்டுப் பேச்சிலிருந்து ஆண்டைப் பிடிப்பது

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "அப்போ ஊரில் என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். நம் பக்கத்தில் ஆண்டைக் கணக்கிட நல்ல அடையாளங்கள் இருக்கின்றன. மருது பாண்டியர் காலம் என்றால் 1801ஐ ஒட்டியது. மதுரைக் கோட்டையை இடித்து வெளி வீதிகள் போட்ட காலம் என்றால் 1840கள். மதுரைக்கு ரயில் வந்தது 1875இல். தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876, 1877, 1878. பெரியாறு அணை வேலை என்றால் 1887 முதல் 1895 வரை. பெருங்காமநல்லூர்த் துப்பாக்கிச் சூடு என்றால் 1920 ஏப்ரல். "பஞ்சத்துல நெல்லுக் கட்டு உடைச்ச கேசு" என்று யாராவது சொன்னால், ஐந்து வருஷ இடைவெளிக்குள் தேடலைச் சுருக்கிவிடலாம். பஞ்ச காலத்தில் தானியக் கொள்ளை வழக்குகள் பெருகியதால் அந்த ஆண்டுகளின் நீதித்துறைப் பதிவுகளும் தடிமனாகவே இருக்கும்.

இதற்கு ஏற்ற நாள் மாசிச் சிவராத்திரி. எங்கெங்கோ பிழைக்கப் போன பங்காளிகள் எல்லோரும் குலதெய்வக் கோவிலில் கூடும் நாள் அது. ஒரு வீட்டில் மறந்துபோனது இன்னொரு வீட்டில் நினைவிருக்கும். வகையறாப் பெயரைக் கவனியுங்கள். ஜெயில், தீவு, அந்தமான், பினாங்கு என்று ஏதாவது ஒட்டிய பட்டப்பெயர் ஒரு கிளைக்கு இருந்தால் அதுவே பெரிய தடயம். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால், எந்தத் தலைமுறையில் அந்தப் பெயர் இடம் மாறி வருகிறது என்றும் பாருங்கள்.

கேட்கத் தயங்கும் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். அவருடைய சம்சாரம் தாலியை எப்போது கழற்றினார்? அவருக்குத் திதி கொடுக்கிறீர்களா, எந்த நாளில்? கடைசிவரை தாலியோடு இருந்தார் என்றால், சாவுச் செய்தி வரவில்லை என்று பொருள். குறிப்பிட்ட ஒரு நாளில் திதி கொடுக்கிறார்கள் என்றால், எப்போதோ ஒரு கடிதமோ தாக்கலோ வீட்டுக்கு வந்திருக்க வாய்ப்புண்டு. பாட்டிமார்கள் பாடும் ஒப்பாரியில் கப்பல், துறைமுகம், ஜெயில் என்று ஒரு வரி வந்தாலும் அதை அப்படியே ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள்.

அவர் உண்மையில் கைதியாகத்தான் போனாரா?

கடல் தாண்டிப் போய்த் திரும்பாத எல்லோரும் தண்டனை பெற்றவர்கள் இல்லை. கங்காணியோடு, அதாவது தோட்ட வேலைக்கு ஆள் சேர்ப்பவரோடு, கண்டிச் சீமைக்கும் (இலங்கை) மலாயாவுக்கும் போனவர்கள் ஏராளம். ஒப்பந்தக் கூலிகளாக மொரீசியஸுக்கு 1834 முதலும், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதலும் ஆட்கள் போனார்கள். அப்படிப் போனவர்களுக்கு வேறு ஆவணங்கள், வேறு தேடல் முறை. கங்காணி வழி என்றால் ஊரிலிருந்து கூட்டமாகப் போயிருப்பார்கள், ஒருவராவது திரும்பி வந்து கதை சொல்லியிருப்பார். கைதி என்றால் தனியாகவோ ஒரே வழக்கில் சேர்ந்த சிலரோடோ போயிருப்பார். கதையில் போலீஸ், கச்சேரி (அரசு அலுவலகம்), ஜெயில் என்று ஏதாவது வரும்.

மொரீசியஸ் என்று வீட்டில் சொன்னால் கூடுதலாக யோசியுங்கள். 1815 முதல் 1837 வரை அந்தத் தீவுக்கு இந்தியக் கைதிகள் அனுப்பப்பட்டார்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் வங்காளம், பம்பாய் மாகாணங்களைச் சேர்ந்தவர்கள். மதுரைக்காரர் என்றால் ஒப்பந்தக் கூலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ரேகைச் சட்டத்தில் பதிவானவர்களையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஒரு சாதி முழுவதையும் பதிவு செய்து, இரவில் போலீஸ் நிலையத்தில் படுக்கவைத்த கொடுமை வேறு. நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் ஒரு தனி மனிதரைக் கடல் கடத்தியது வேறு. ரேகைப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் அவர் அந்தமான் போனார் என்று ஆகிவிடாது.

ஆண்டு தெரிந்தால் இடம் தெரியும்

1825க்கு முன் என்றால் சுமத்ராவிலிருந்த பெங்கூலன் அல்லது பினாங்கு. பினாங்குக்கு அன்றைய ஆவணங்களில் ‘வேல்ஸ் இளவரசர் தீவு’ என்று பெயர். அட்டவணையில் பினாங்கு என்று மட்டும் தேடினால் பாதி விட்டுப்போகும். 1825இல் பெங்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனபோது அங்கிருந்த கைதிகள் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி சிங்கப்பூரில் இறங்கிய முதல் கைதிக் கூட்டமே மெட்ராஸ் மாகாணத்தைச் சேர்ந்த 80 பேர்தான். அதன்பிறகு 1860கள் வரை சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு ஆகிய மூன்றும், பர்மாவின் தெனாசரிம் கரையிலுள்ள மௌல்மேனும் முக்கியமான இடங்கள். 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் (சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு) இந்திய அரசின் பொறுப்பிலிருந்து பிரிந்தன. 1873இல் சிங்கப்பூர்க் கைதிச் சிறை மூடப்பட்டு, தண்டனை மீதமிருந்தவர்கள் அந்தமானுக்குப் போனார்கள். ஆகவே 1850களில் சிங்கப்பூர் போன ஒருவரின் கடைசிக் காலம் அந்தமானின் போர்ட் பிளேரில் கழிந்திருக்கவும் கூடும்.

அந்தமான் குடியேற்றம் தொடங்கியது 1858 மார்ச்சில். மதுரைப் பக்கத்துக் குடும்பக் கதைகளில் வரும் ‘தீவு’ பெரும்பாலும் இதுதான். செல்லுலார் சிறை 1896க்கும் 1906க்கும் இடையில் கட்டப்பட்டது என்பதையும் மனதில் வையுங்கள். 1880இல் போனவர் அந்தச் சிறையில் அடைபட்டார் என்று எழுதிவிடக் கூடாது.

வழக்கைக் கண்டுபிடிப்பது

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், பலன் அதிகம் தருவதும் இதுவே. அன்றைய நீதிமன்ற அமைப்பு தெரியாமல் ஆவணக் காப்பகத்துக்குள் போனால் திக்குத் தெரியாது.

1801–02 பாளையக்காரர் போராட்ட வழக்குகளுக்கு ஒழுங்கான நீதிமன்றமே கிடையாது; ராணுவ உத்தரவின் பேரில் தண்டனை கொடுத்தார்கள். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, 1802 பிப்ரவரியில் சிவகங்கை அரசர் வேங்கை பெரிய உடையணத் தேவர், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கு மேற்பட்டோரைத் தூத்துக்குடியிலிருந்து ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பலில் ஏற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். உங்கள் முன்னோர் இந்தக் கூட்டத்தில் ஒருவர் என்று குடும்பத்தில் நம்பிக்கை இருந்தால், நீதித்துறைப் பதிவுகளை விட்டுவிட்டு ராணுவ, வருவாய்ப் பதிவுகளைப் பாருங்கள்.

1802க்குப் பிறகு ஜில்லா நீதிமன்றங்களும் சுற்று நீதிமன்றங்களும் வந்தன. பெரிய தண்டனைகளை மெட்ராஸிலிருந்த பௌஜ்தாரி அதாலத் என்ற தலைமைக் குற்றவியல் நீதிமன்றம் உறுதிசெய்தது. 1843இல் சுற்று நீதிமன்றங்கள் போய் செஷன்ஸ் நீதிபதிகள் வந்தார்கள். 1862இல் பௌஜ்தாரி அதாலத்தின் இடத்தில் சென்னை உயர் நீதிமன்றம் வந்தது. அதே 1862 ஜனவரியில் இந்தியத் தண்டனைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் நடந்த வழக்கு என்றால் பிரிவு எண் ஒன்றே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: 302 கொலை, 395 கூட்டுக்கொள்ளை, 396 கொலையோடு சேர்ந்த கூட்டுக்கொள்ளை. தீவாந்தர தண்டனை என்ற சொல் சட்டத்திலிருந்து நீங்கி ஆயுள் சிறையாக மாறியது 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான்.

மாவட்ட எல்லையை மறக்காதீர்கள். அன்றைய மதுரை மாவட்டத்துக்குள் இன்றைய திண்டுக்கல், தேனி மாவட்டங்கள் இருந்தன. 1910இல் ராமநாதபுரம் தனி மாவட்டமாகும் வரை ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களும் இருந்தன. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் என்றால் அப்போது திருநெல்வேலி மாவட்டம். பெரியகுளத்துக்காரரைத் தேனி என்று தேடினால் ஒன்றும் வராது.

இந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே பார்க்க வேண்டியவை மூன்று: நீதித்துறை ஆலோசனைப் பதிவுகள், பிற்கால அரசாணைகள், மதுரைக் கலெக்டர் அலுவலகத் தொகுதிகள். ஒவ்வோர் ஆண்டுக்கும் உள்ள பெயர்ச் சுட்டை முதலில் பாருங்கள். மூலக்கட்டைக் கேட்டு வாங்குவது அதற்குப் பிறகு. அனுமதிக்கு அடையாளச் சான்றும், பெரும்பாலும் ஒரு கல்லூரி அல்லது ஆய்வு நிறுவனத்தின் கடிதமும் தேவைப்படும். கிளம்பும் முன் அப்போதைய விதிமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கல்லூரியில் வரலாற்றுத் துறைப் பேராசிரியர் யாராவது தெரிந்தவராக இருந்தால், அவரைக் கூட்டிக்கொண்டு போவது மிக நல்லது. பழைய கையெழுத்தை வாசிக்கப் பழகிய கண் பக்கத்தில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இதே மெட்ராஸ் பதிவுகளின் பிரதி இருக்கிறது. இங்கே கட்டு உடைந்தோ பூச்சி அரித்தோ இருந்தால் அங்கே முழுசாகக் கிடைக்கலாம். கட்டணம் வாங்கும் வெளிநாட்டு வம்சாவளித் தளங்களில் ‘இந்தியா’ என்று இருப்பவை பெரும்பாலும் ஐரோப்பியர்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகள். நம் தேடலுக்கு அதில் பணம் கட்ட வேண்டியதில்லை.

பெயரை வெள்ளைக்காரன் எழுதியபடி தேட வேண்டும்

குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். ‘உ’ ஓசைக்கு இரண்டு ‘ஓ’ எழுத்துகளைச் சேர்த்து எழுதுவது அன்றைய வழக்கம். அதனால் முத்து, சுப்பன், கருப்பன் எல்லாம் இன்றைய ஆங்கில எழுத்தில் தேடினால் அகப்பட மாட்டார்கள். ‘க’வுக்கு ‘கே’யும் உண்டு, ‘சி’யும் உண்டு. ‘ழ’ சில இடத்தில் ‘எல்’, சில இடத்தில் ‘ஆர்’, சில இடத்தில் ‘இசட்’. சாமி, தேவன், நாயக்கன், அம்பலம், சேர்வை போன்ற பின்னொட்டுகள் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். சில இடத்தில் சாதிப் பெயரே மனிதரின் பெயர்போல எழுதப்பட்டிருக்கும். தேடக் கிளம்பும் முன் ஒரு தாளில் உங்கள் முன்னோர் பெயருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் வரக்கூடுமோ அத்தனையும் எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயருக்கும் இப்படியே.

ஒரு பெயர் அகப்பட்டதும், அது உங்கள் ஆள்தான் என்று முடிவு கட்ட நான்கு விஷயங்கள் பொருந்த வேண்டும்: தகப்பன் பெயர், ஊர் அல்லது தாலுகா, ஏறத்தாழ வயது, வழக்கு நடந்த காலம். இரண்டு மட்டும் பொருந்தினால் பென்சிலால் குறித்துவைத்துவிட்டு மேலே தேடுங்கள். குடும்பப் பெருமைக்காகவோ அவசரத்துக்காகவோ வேறொருவரின் வாழ்க்கையைத் தூக்கி நம் தாத்தாவின் தலையில் வைப்பது அந்த இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம்.

கடலுக்கு அந்தப் பக்கம்

சிங்கப்பூர், பினாங்கு வழி என்றால் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள நீரிணைக் குடியேற்றப் பதிவுகளும், சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளமும் உதவும். இரண்டையும் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பார்க்கலாம். செய்தித்தாள்களில் தனிக் கைதியின் பெயர் எப்போதாவதுதான் வரும்: தப்பி ஓடினால், மறுபடி வழக்கில் மாட்டினால், பாராட்டத்தக்க காரியம் செய்தால். ஆனால் அவர் என்ன வேலை செய்திருப்பார் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. சாலை போட்டது, சதுப்பு நிலத்தைத் தூர்த்தது, செங்கல் சுட்டது எல்லாம் கைதிகள்தான். சிங்கப்பூரில் 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பியவர்கள் இந்தியக் கைதிகள். அதன் சுவர்களில் முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, சுண்ணாம்பு சேர்த்துப் பூசியது நம் பக்கத்து வீடுகளில் பூசிய அதே மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு.

அன்றைய அதிகாரிகளின் நினைவுக்குறிப்புகளையும் விடாதீர்கள். பாளையக்காரர் போரில் சண்டையிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, சின்ன மருது மகன் துரைசாமியை 1818இல் பினாங்கில் மறுபடி பார்த்ததை எழுதிவைத்திருக்கிறார். சிறுவனாகக் கப்பலேறியவர், முப்பதை ஒட்டிய வயதிலேயே கிழவரைப்போல் தளர்ந்து நின்றார். அரசு ஆவணம் ‘கைதி’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்ட மனிதரை அந்த ஒரு பக்கத்தில் நாம் முகம் பார்க்கிறோம்.

ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் 1849 வரை இருந்தது. அதற்கு முற்பட்ட பதிவில் நெற்றி அடையாளம் என்று எழுதியிருந்தால் அது இதுவாக இருக்கலாம்.

அந்தமான் வழி என்றால் முக்கியமானது கைதி எண். கழுத்தில் மாட்டிய மரவில்லையில் அந்த எண், சட்டப் பிரிவு, தண்டனை தேதி எல்லாம் பொறித்திருந்தார்கள். ஒரு பட்டியலில் எண் கிடைத்துவிட்டால் பிறகு பெயர் எப்படிச் சிதைந்திருந்தாலும் அவரைத் தொடர்ந்து போகலாம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்டபோது போர்ட் பிளேரில் இருந்த காகிதங்களில் ஏராளமானவை அழிந்தன. ஆகவே டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறையின் போர்ட் பிளேர்ப் பிரிவுக் கோப்புகளைத் தேடுங்கள். ‘அபிலேக் படல்’ என்ற அதன் இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்து பல கோப்புகளைத் திறந்து படிக்கலாம்.

தீர்ப்புக்குப் பிந்தைய வாழ்க்கை

1900ஐ ஒட்டிய அந்தமான் முறையில் ஒருவர் முதல் ஆறு மாதம் தனிச் சிறையிலும், பிறகு ஒன்றரை ஆண்டு கூட்டுச் சிறையிலும் இருந்தார். அப்புறம் வெளி வேலை. பத்து ஆண்டு ஒழுங்காக இருந்தால் தனக்குத்தானே சம்பாதித்து வாழும் சீட்டு கிடைத்தது. சீட்டுப் பெற்றவர் நிலம் வாங்கிப் பயிர் செய்யலாம், மாடு வளர்க்கலாம், மனைவி மக்களை ஊரிலிருந்து வரவழைக்கலாம், பெண் கைதி ஒருவரை மணக்கவும் செய்யலாம். இருபது, இருபத்தைந்து ஆண்டில் முழு விடுதலைக்கும் வழி இருந்தது. 1877இலும் 1887இலும் அரசி விக்டோரியாவின் விழாக்களை முன்னிட்டுக் கைதிகள் பலர் விடுவிக்கப்பட்டார்கள். அந்த ஆண்டுக் கோப்புகளைத் தனியாகப் பாருங்கள்.

மனுக்களைத் தேடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். கைதியோ அவர் மனைவியோ தாயோ எழுதச் சொல்லிக் கொடுத்த மனு கிடைத்தால், மொழிபெயர்ப்பாக இருந்தாலும் அதுதான் அந்தக் குடும்பத்தின் சொந்தக் குரல். பட்டியலும் தீர்ப்பும் அரசின் குரலில் பேசுபவை.

சந்ததி உண்டா என்று தேடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று அந்தமானில் தமிழ் பேசுபவர்களில் பெரும்பாலோர் சுதந்திரத்துக்குப் பிறகு குடியேறியவர்கள். கைதிகளின் வழிவந்தவர்களோ இந்துஸ்தானி பேசும் ஒரு தனிச் சமூகமாக வளர்ந்தார்கள். மதமும் சாதியும் மாகாணமும் கலந்த திருமணங்கள் அவர்களுக்குள் சகஜம். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் இன்னொரு கிளை அங்கே இருந்தால், அவர்களுக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், பெயரும் நம் காதுக்குப் புதிதாக இருக்கலாம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் விடுதலையான பலர் அங்கேயே மணம் முடித்து மலாய்ச் சமூகத்தோடு கலந்துபோனார்கள்.

ஊரில் விட்டுப்போன தடயம்

கடல் தாண்டித் தேடி முடித்ததும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். குடும்பத் தலைவர் போன சில வருஷங்களில் மனைவியோ தம்பியோ நிலத்தை விற்றிருப்பார்கள், அடமானம் வைத்திருப்பார்கள். பழைய பத்திரத்தில் அவரை உயிரோடு இருப்பவராகச் சொல்லியிருக்கிறார்களா, காலஞ்சென்றவர் என்கிறார்களா என்று கவனியுங்கள். செட்டில்மெண்ட் பதிவேட்டில் (நில உரிமை, நிலவரிப் பதிவேடு) எந்தப் பங்காளி பெயருக்குப் பட்டா மாறியது என்பதும், அந்த வீட்டைப் பிறகு யார் தாங்கினார்கள் என்று காட்டும்.

எழுதும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். கொலை வழக்கு என்றால் செத்தவரின் பேரப்பிள்ளைகளும் அதே ஊரில், சில சமயம் அதே தெருவில் இருப்பார்கள். அவர்கள் பக்கத்துப் பெயர்களைப் பொதுவில் போடும் முன் நேரில் போய்ப் பேசுங்கள். தீர்ப்பில் சாட்சி சொன்னவர்களாக உள்ளூர்க்காரர்கள் பெயரும் வரும். அதற்கும் இதே பேச்சுத்தான். உங்கள் முன்னோர் செய்த குற்றத்தை மறைக்கவும் வேண்டாம், வீரமாக மாற்றவும் வேண்டாம். சாட்சி சொன்னதை அப்படியே எழுதுங்கள், அவர் மறுத்திருந்தால் அந்த மறுப்பையும் பக்கத்தில் எழுதுங்கள். சாதியைப் பற்றி நீதிபதி எழுதிய வாசகங்களை மேற்கோளாக மட்டும் காட்டுங்கள். சந்தேகம் வந்தால் சாதியையே சாட்சியாக எடுத்துக்கொண்ட காலம் அது.

கடைசியாக, எல்லாத் தாள்களின் நகலையும் ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் எந்தக் காப்பகம், எந்தத் துறை, எந்தத் தொகுதி, எந்தப் பக்கம், என்ன தேதி என்று எழுதிவையுங்கள். கோப்பின் ஒரு பிரதி ஊரில் மூத்த பங்காளி வீட்டில் இருக்கட்டும். அடுத்த சிவராத்திரிக்கு வருகிறவர்களில் யாராவது விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமென்றால் இந்த எண்கள் கட்டாயம் தேவைப்படும்.